எடுக்காமல் விட்ட குருணை

இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் நான் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பல் டாக்டரின் கிளினிக்கில் எனக்குப் பின்னறை. ஜன்னல் ஒன்று உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மேசை நிறைய மெழுகும் பிளாஸ்டர் தாடைகளும், ஓரத்தில் ராவுகிற மோட்டார். இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து பல்செட் செய்கிறேன். முன்னறையில் டாக்டர் கைகுலுக்கி நல்ல பெயர் வாங்குவார், பின்னறையில் நான் தூசியைத் தின்பேன். இவன் என்ன இப்படிப் புலம்புகிறான் என்று தோன்றலாம். கொஞ்சம் புலம்பத்தான் செய்கிறேன்.

முன்னறைக்கு நான் போவதற்கு ஒரே ஒரு வழி உண்டு. போட்ட பல் யாருக்காவது உறுத்தினால் மேசைமணி இரண்டு தரம் அடிக்கும். டாக்டருக்குத் தூசி ஆகாது, ராவுகிற வேலையைத் தொடமாட்டார். நான் போய் வாயைப் பார்த்து, உறுத்துகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பின்னறையில் ராவி எடுத்து வருவேன். முன்பெல்லாம் பல் போட்ட மூன்றாம் நாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்கு ஒன்றுமே இருக்காது; வாய்க்குப் பழகவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்தேன். பத்து நாள் கழித்துத்தான் வர வேண்டும். அன்றிலிருந்து முன்மேசையில் உட்காரும் அம்மாள், போனில் யார் என்ன சொன்னாலும், "பத்து நாள் பொறுங்க, பழகிடும்" என்று சொல்லி வைத்துவிடுவார். அவருக்குப் பெயரே பத்து நாள் அக்கா என்றாகிவிட்டது.

அந்த மாதம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். நீ சந்திக்க விரும்பும் புகழ்பெற்ற மனிதர் யார், உயிரோடு இருப்பவரோ மறைந்தவரோ, ஒரு பக்கம் எழுது. சாப்பிடும்போது எங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீ யாரப் பாக்கணும்னு சொல்லு."

"வீட்டு ஓனரப் பாக்கணும்," என்றாள் என் மனைவி. "குழாய் ஒழுகுதுன்னு சொல்ல ஆறு மாசமாத் தேடறேன்."

"புகழ்பெற்றவரா இருக்கணும்மா."

"இந்தத் தெருவுல அவரவிடப் புகழ்பெற்ற ஆள் கிடையாது. அவர் பேரச் சொல்லித் திட்டாத வீடு எது?"

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் யோசிக்கவே இல்லை. "விசில்," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். விசில் என்றால் எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். சினிமாவிலும் மேடையிலும் நாற்பது வருடம் சிரிக்க வைத்தவர். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் பெரிய சந்து. "எங்க வீட்டம்மா இருக்காளே..." என்று ஆரம்பிப்பார். மூஞ்சியைக் கோணுவார். அந்தச் சந்து வழியாக மெல்லிசாக ஒரு விசில் வரும். அப்புறம்தான் ஜோக். விசிலுக்கே பாதிக் கூட்டம் விழுந்து புரளும். அந்த வீட்டம்மாவின் மூக்கு, நாக்கு, கோபம், சமையல் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது என் அப்பாவும் அம்மாவும் ஒரு வருடம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என் வழியாகத்தான் கேட்பார்கள். டிவியில் விசில் வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அந்த அரை மணி நேரம் எங்கள் வீடு வீடாக இருக்கும். எனக்கும் அந்தச் சந்து இருந்தால் தினமும் அவர்களைச் சிரிக்க வைக்கலாமே என்று, அப்பாவின் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து என் முன்பல்லை ராவ ஆரம்பித்தேன். அம்மா பார்த்துவிட்டு முதுகில் நாலு வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். தேய்ந்த மூலை இன்னும் இருக்கிறது. நான் பல் வேலைக்கு வந்ததே அந்த அரத்தால்தான் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

"நேர்ல பாத்தா என்னப்பா சொல்லுவ?" என்றாள் மகள், பென்சிலோடு.

"எங்க வீட்டுல ரெண்டு பேர ஒரே ரூம்ல உக்கார வெச்சீங்க, அதுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுவேன்."

அவள் அதை எழுதிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து என் மேசைக்கு ஒரு சீட்டு வந்தது. எங்கள் கிளினிக்கில் பல்செட் என்றால் பெயர் எழுதமாட்டார்கள், எண் மட்டும்தான். நாற்பத்தேழு. மேலும் கீழும் முழுசெட். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் சந்து வேண்டும். பன்னிரண்டாம் தேதி மேடையில் பேச வேண்டும், அதற்கு முன் கண்டிப்பாக. கூடவே ஒரு பழைய போட்டோ, உதடும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி கத்தரித்தது.

சந்தை அடைக்கச் சொல்லி எனக்கு நூறு சீட்டு வந்திருக்கும். சந்து வைக்கச் சொல்லி ஒரு சீட்டுகூட வந்ததில்லை. அந்த வாயை எனக்குத் தெரியாதா? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், இது..."

"நாப்பத்தேழு," என்றார் டாக்டர். "நம்பர் மட்டும்தான். அக்காவுக்கும் தெரியாது. வீட்டுக்கே போய் அளவு எடுத்தேன், வீட்டுக்கே போய்ப் போட்டுவிடப் போறேன். வெளிய தெரியக் கூடாதுன்னு அவர் பொண்ணு சொல்லியிருக்காங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏதோ விருது குடுக்கறாங்களாம். எட்டு வருஷமா மேடையே ஏறலையாம். நாலு வரி பேசிட்டாப் போதும்ங்கறார். அதுக்குத்தான் பல்லு. பாத்துச் செய்ங்க."

பார்த்துத்தான் செய்தேன். அந்த இரண்டு முன்பல்லை மெழுகில் ஏழு தடவை எடுத்து எடுத்து வைத்தேன். ரப்பர் குழாயால் காற்றை ஊதிப் பார்த்தேன். ஏழாவது தடவை விசில் வந்தது. பின்னறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.

பிளாஸ்டரில் எங்கேயாவது காற்றுக் குமிழி இருந்தால், அந்தக் குழிக்குள் வார்க்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் புகுந்து பல்செட்டின் உள்பக்கம் ஒரு மணியாக நிற்கும். நாங்கள் அதைக் குருணை என்போம். சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. பஞ்சை உள்பக்கம் தடவிக்கொண்டே போனால் குருணையில் நூல் சிக்கும். உடனே ராவிவிட வேண்டும். வேலை கற்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவது இது. நாற்பத்தேழின் கீழ் செட்டில், நாக்குப் பக்கம், பஞ்சு சிக்கியது. கடுகளவு இருந்தது.

மோட்டாரைப் போட்டேன். பிறகு அணைத்தேன்.

வீட்டிலேயே அளவு, வீட்டிலேயே பல். எல்லாம் சரியாக இருந்துவிட்டால் நான் அவரை எந்தக் காலத்தில் பார்ப்பது? குருணை இருந்தால் உறுத்தும். உறுத்தினால் ராவ வேண்டும். வீட்டில் மோட்டார் கிடையாது. இங்கே வந்தே ஆக வேண்டும். மணி இரண்டு தரம் அடிக்கும். நான் போவேன், இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். பன்னிரண்டாம் தேதிக்கு நிறைய நாள் இருக்கிறது. அந்தக் குருணையை நான் வைக்கவில்லை, அதுவாக வந்தது, எடுக்காமல் விடுகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு வலிக்கும் என்று தெரியாதா என்று கேட்டால், தெரியும். இரண்டு மூன்று நாள் வலிதானே என்று நினைத்தேன். வலி என் வாயில் இல்லை பாருங்கள், அதனால் சுலபமாக நினைக்க முடிந்தது.

இரண்டாம் தேதி டாக்டர் போய்ப் போட்டுவிட்டு வந்தார். "கண்ணாடியில பாத்துட்டு மனுஷன் அழுதுட்டார்," என்றார். "யார் செஞ்சதுன்னு ரெண்டு தடவ கேட்டார். லேசா உறுத்துதுன்னார். புதுசுன்னா அப்படித்தான்னு சொல்லிட்டு வந்தேன்." மறுநாள் டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிவிட்டார். பதிமூன்றாம் தேதி காலையில்தான் வருவார். அவர் இல்லாத நாட்களில் அக்காவே மணியடிப்பார் என்பதால் நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஐந்தாம் தேதி இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தேன். "பின்னறைக்கு எதுக்கு இஸ்திரிச் சட்டை? யாராவது பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள் மனைவி. ஆறாம் தேதி முடி வெட்டிக்கொண்டேன். ஏழு, எட்டு. மணி அடிக்கவில்லை. ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் தேதி மத்தியானம் பொறுக்கமுடியாமல் முன்மேசைக்குப் போனேன்.

"அக்கா, நாப்பத்தேழு போன் ஏதும் பண்ணினாரா?"

அக்கா நோட்டைப் புரட்டினார். "அஞ்சாம் தேதியே பண்ணினாங்களே தம்பி. ஏழாம் தேதியும் ஒருக்கா. வலி தாங்கலையாம். வயசானவர் போல, பாவம். பத்து நாள் பொறுங்க, பழகிடும்னு சொன்னேன்."

"ரெண்டு தடவையும் அதையேவா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லுவேன்? நீங்கதானே தம்பி ஒருத்தரையும் முன்னாடி விடாதீங்கன்னு அந்தக் குதி குதிச்சீங்க."

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு யாராவது விதி பேசுவார்களா என்று நினைத்திருந்தேன். அக்காவுக்கு அவர் அப்பேர்ப்பட்டவர் இல்லை, நாற்பத்தேழு. நான் போட்ட விதி என் தலையிலேயே வந்து விடிந்தது. போன் எண்ணை வாங்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் போன் செய்தேன். எடுத்தது அவருடைய மகள்.

"பல் கிளினிக்ல இருந்து பேசறேங்க. ஐயாவ ஒரு தடவ வரச் சொன்னா..."

"நாங்க ஊர்லேர்ந்து கிளம்பி வந்துட்டோமே. விழா இங்கதான், பன்னெண்டாம் தேதி. முடிச்சுட்டுத்தான் திரும்புவோம்." பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது. "ஏன் சார், பல்லுல ஏதாவது தப்பா? அப்பா சரியாவே சாப்பிடல. கேட்டா, பத்து நாள்ல பழகிடும்னு சொல்லியிருக்காங்கன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கார். ஏதாவது செய்யணும்னா சொல்லுங்க, நான் செய்யறேன்."

ஒரு நகவெட்டி போதும். அதில் மடித்து வைத்திருக்கிற சின்ன அரம் போதும். கீழ் செட்டின் உள்பக்கம், இடது பக்கமாக விரலை வைத்துப் பாருங்கள், கடுகளவு ஒன்று நெருடும், அதைத் தேய்த்துவிடுங்கள். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. சொன்னால், அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்பார். தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார். டாக்டருக்குப் போகும். இருபத்திரண்டு வருட வேலை போகும். அதைவிட, விசில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

"இல்லீங்க," என்றேன். "தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

"ரொம்ப நன்றி சார்," என்றார் அந்தப் பெண்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் விழாவை டிவியில் காட்டினார்கள். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். விசிலை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டார், சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"எங்க வீட்டம்மா..." என்றார்.

வலி குத்தியிருக்க வேண்டும். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. பழைய விசில் திரும்பி வந்துவிட்டார் என்று ஒரே ஆரவாரம். அவர் கையைத் தூக்கி, இல்லை இல்லை என்று ஆட்டினார். அதற்கும் சிரித்தார்கள். மறுபடி ஆரம்பித்தார். "எங்க வீட்டம்மா இருக்காளே..." மறுபடி முகம் கோணியது, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது, ஏனென்றால் அது என்ன தண்ணீர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டம் விசிலடித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்.

"இந்த வயசுலயும் என்னமா நடிக்கறார் பாருங்க," என்றாள்.

மூன்றாம் தடவையும் முயன்றார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். கையை மட்டும் உயர்த்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அரங்கையே சிரிக்க வைத்த மேதை என்று அறிவிப்பாளர் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இப்படி ஒரு ஈனக் காரியம் செய்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

பதினான்காம் தேதி காலை, டாக்டரும் வந்திருந்தார். பத்து நாளும் கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மணி இரண்டு தரம் அடித்தது.

விசில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சின்ன மனிதர் என்று நான் நினைத்ததில்லை. டாக்டர் என்னைக் காட்டி, "இவர்தான் செஞ்சது," என்றார். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு அருமையா இருக்கு தம்பி. என் வாய்தான் சரியில்ல. பத்து நாள்ல பழகணுமாமே, எனக்குப் பழகல. வயசாயிடுச்சு, அதான்."

வெளியே காத்திருந்த அவருடைய மகளிடம் ஏதோ சொல்வதற்காக டாக்டர் போனார். நான் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச்சை அடித்தேன். கீழ்த்தாடையின் உள்பக்கம் ஒரு புண். ஓரம் வெள்ளையாக, நடுவில் சிவப்பாக, நான் விட்ட இடத்திலேயே இருந்தது. கடுகு பன்னிரண்டு நாளில் ஒரு பட்டாணி ஆகியிருந்தது.

பல்லை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். பஞ்சு தேவைப்படவில்லை. ராவி, பாலிஷ் போட்டு, கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுக்கொண்டார். நாக்கைப் பயந்து பயந்து அசைத்தார். பிறகு நன்றாகவே அசைத்தார்.

"உறுத்தல," என்றார். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "இருங்க, பேச வருதான்னு பாக்கறேன்." காலி அறைக்கு அவர் மெதுவாகப் படித்தார்.

"எங்க வீட்டம்மா இருக்காளே, அவள வெச்சு நாப்பது வருஷம் உங்கள எல்லாம் சிரிக்க வெச்சேன். மூக்கு பெருசுன்னேன், நாக்கு நீளம்னேன். எல்லாம் பொய். அவ அழகு. ஒரு தடவகூடக் கோபமாப் பேசினதில்ல. போற அன்னைக்கு, ஒரு நாளாவது மேடையில நெசத்தச் சொல்லுங்கன்னு கேட்டா. சொல்றேன்னு வாக்கு குடுத்தேன். இதோ சொல்லிட்டேன்."

ஒரு எழுத்தும் இடறவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு நிமிஷ வேலைதானா தம்பி?"

நாற்பது வருடமாக மனதில் வைத்திருந்த நன்றி தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

"ஐயா, உள்பக்கம் ஒரு குருணை இருந்தது," என்றேன். "செய்யும்போதே தெரியும். எடுக்காம விட்டுட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"இல்லீங்க. வேணும்னே விட்டேன். அன்னைக்குப் போன் பண்ணினப்பவும் சொல்லல."

முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்தார் போலிருக்கிறது, உதடு சிரிப்புக்குத் தயாரானது. என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"எதுக்கு?"

"உறுத்தினா நீங்க இங்க வருவீங்க. உங்கள ஒரு தடவ நேர்ல பாக்கணும்னு ஆச."

அவர் கத்துவார், டாக்டரைக் கூப்பிடுவார் என்று நின்றேன். கூப்பிடவில்லை. தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பைக்குள் வைத்தார். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். நான் தாங்கப் போனேன்; வேண்டாம் என்று கையைக் காட்டினார். கதவருகே போய்த் திரும்பி, நான் நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பாத்தாச்சா தம்பி?"

சந்து வழியாகக் காற்று மெல்லிசாக விசிலோடு வந்தது. பல்லில் ஒரு குறையும் இல்லை.